அண்ணன் பணம் கட்டினால் அண்ணனுக்குச் சொல்வார்களா?

கேள்வி: எனக்கு வயது 27. ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வீடு வாலாஜாவில். சில மாதங்களாகச் சரியான தூக்கம் இல்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை. அண்ணன்தான் வற்புறுத்தி வேலூரில் உளவியல் சிகிச்சையாளர் ஒருவரிடம் அழைத்துப் போனார். முதல் நாள் வரவேற்பறையில் ஐந்து பக்க ஆங்கிலப் படிவம் ஒன்றைக் கொடுத்துக் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் அண்ணனே எழுதினார். நான் கையெழுத்து மட்டும் போட்டேன். மூன்று முறை போய்வந்துவிட்டேன். சிகிச்சையாளர் நல்லவராகத்தான் தெரிகிறார். ஆனால் என்னை உண்மையில் அரித்துக்கொண்டிருக்கும் விஷயத்தை இன்னும் வாய்திறந்து சொல்லவில்லை. அண்ணன் காதுக்குப் போய்விடுமோ என்று பயம். அவர்தான் பணம் கட்டுகிறார். சில நேரம் செத்துப்போனால் தேவலை என்றுகூடத் தோன்றுகிறது. அதைச் சொன்னால் போலீசுக்குத் தெரிவிப்பார்களா? ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவார்களா? நான் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் என்னதான் இருக்கிறது? அதை மாற்ற முடியுமா?
- வாலாஜாபேட்டை வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியிலிருந்தே தொடங்குகிறேன். செத்துப்போனால் தேவலை என்று தோன்றுவதை அடுத்த அமர்வில் உட்கார்ந்தவுடன் சொல்லுங்கள். நேரம் முடிந்து எழுந்திருக்கும்போது வாசலில் நின்று சொல்லும் விஷயமாக அதை ஆக்கிவிடாதீர்கள். அதுவரை பொறுக்க முடியாதபடி எண்ணம் நெருக்கினால் 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசி சேவை அது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம். இன்னும் மோசமாகி, உங்களை நீங்களே ஏதாவது செய்துகொண்டுவிடுவீர்கள் என்ற பயம் வந்தால் தனியாக இருக்காதீர்கள். நம்பிக்கையான ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு 108ஐ அழையுங்கள், அல்லது வாலாஜா அரசு மருத்துவமனைக்கே போய்விடுங்கள்.

சொன்னால் போலீஸ் வருமா என்ற பயம் வேண்டாம். அப்படி ஓர் எண்ணம் வருவது எந்தக் காலத்திலும் குற்றமாக இருந்ததில்லை. முயற்சி செய்வதுதான் குற்றமாக இருந்தது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவில். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, வேறுவிதமாக நிரூபிக்கப்பட்டாலொழிய முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவர்மீது வழக்கு நடத்தித் தண்டிக்கக் கூடாது என்று 115ஆம் பிரிவு சொன்னது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் சொன்னது. பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பழைய 309ஆம் பிரிவே இல்லை.

நீங்கள் சொன்னதும் சிகிச்சையாளர் முதலில் செய்யக்கூடியது கேள்வி கேட்பதுதான். எவ்வளவு நாளாகத் தோன்றுகிறது, ஒரு நாளில் எத்தனை தடவை, எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறீர்களா, அதற்கு முன்பு எப்போதாவது முயன்றதுண்டா, எது உங்களைப் பிடித்து நிறுத்துகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். கேட்பதால் அந்த எண்ணம் அதிகமாகிவிடாது. இதைக் கேட்க ஒருவர் கிடைத்தாரே என்று பலர் முதன்முறையாக மூச்சு விடுவதை என் சிகிச்சை அறையில் பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கும் நீங்கள் நினைப்பதுபோல் ஒரு போன் போதாது. உங்கள் விருப்பத்துக்கு மாறாகச் சேர்க்க வேண்டுமானால் உங்கள் நியமனப் பிரதிநிதி, அதாவது சிகிச்சை விஷயத்தில் உங்கள் சார்பில் செயல்படச் சட்டம் அங்கீகரித்த நபர், விண்ணப்பிக்க வேண்டும், இரண்டு பேர் உங்களைத் தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும், அவர்களில் ஒருவர் மனநல மருத்துவராக இருக்க வேண்டும், உயிராபத்து போன்ற கடும் நிலை இருப்பதாக இருவருமே முடிவு செய்திருக்க வேண்டும். செத்துப்போகலாம் போலிருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லும் பெரும்பாலானோருக்கு வீட்டிலிருந்தபடியே சிகிச்சை தொடர்கிறது.

இப்போது அண்ணன்.

பணம் கட்டுகிறவருக்கு ரசீது கேட்கும் உரிமை உண்டு. நீங்கள் உள்ளே என்ன பேசினீர்கள் என்று கேட்கும் உரிமை இல்லை. மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு சிகிச்சை தருகிறவர்மீது ரகசியம் காக்கும் கடமையைச் சுமத்துகிறது. கட்டணத்தை யார் கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அந்தக் கடமை மாறுவதில்லை. உங்களுக்கு 18 வயதுக்குக் குறைவாக இருந்திருந்தால் என் பதில் வேறு மாதிரி இருக்கும். நீங்கள் 27 வயதுப் பெண்.

ஆனாலும் உங்கள் கடிதத்தில் ஓர் இடம் என்னை நிறுத்தியது. படிவத்தை நிரப்பியவர் அண்ணன். அந்த ஐந்து பக்கத்தில் எங்காவது நியமனப் பிரதிநிதி என்று ஒரு கட்டம் இருந்திருக்கலாம், அவர் அதில் தன் பெயரை எழுதியிருக்கலாம். அவசரத்துக்கு யாரை அழைப்பது என்று கேட்பது வேறு, இது வேறு. முன்னது ஒரு போன் நம்பர், அவ்வளவுதான். நியமனப் பிரதிநிதி என்பது சட்டம் அங்கீகரித்த பொறுப்பு. அவர் தன் கடமையைச் செய்யும் அளவுக்கு உங்கள் சிகிச்சை விவரங்களை அவரிடம் சொல்ல 23ஆம் பிரிவே இடம் கொடுக்கிறது. எனவே முதல் வேலையாக அந்தக் கட்டத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அவர் வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டால் போதும், முத்திரைத்தாளும் வேண்டாம், நோட்டரியும் வேண்டாம். தோழியையோ சித்தியையோ நியமிக்கலாம், 18 வயது நிரம்பியவராக இருந்து அவரும் சம்மதித்தால் சரி.

அடுத்து, போன் நம்பர். யார் நம்பரை எழுதினார் என்று சொல்லவில்லை. அண்ணனுடையதாக இருந்தால், அடுத்த அமர்வு எத்தனை மணிக்கு என்ற குறுஞ்செய்தி அவருக்குத்தான் போகும். நீங்கள் வராத நாளில் ஏன் வரவில்லை என்று கேட்கும் அழைப்பும் அவருக்குத்தான் போகும். ரகசியம் உடைவது பெரும்பாலும் சிகிச்சையாளர் வாயால் அல்ல, இப்படித்தான். வரவேற்பறையில் இருப்பவர் ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல், பதிவேட்டில் இருக்கும் எண்ணை அழைத்துவிடுவார். உங்கள் சொந்த எண்ணைக் கொடுங்கள். எந்த நேரத்தில் அழைக்கலாம், வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா, வேறு யாராவது எடுத்தால் எங்கிருந்து பேசுகிறோம் என்று சொல்லலாமா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

சிகிச்சையாளர் உங்களைக் கேட்காமலே வெளியே சொல்லக்கூடிய சந்தர்ப்பங்கள் உண்டு. அவற்றை மறைப்பது நேர்மையல்ல. உங்கள் உயிருக்கு உடனடி ஆபத்து என்று அவர் நம்பினால் சொல்வார். இன்னொருவருக்கு உங்களால் தீங்கு நேரும் என்று தெரிந்தாலும் சொல்வார். அப்போதும் ஆபத்தைத் தடுக்கத் தேவையான அளவு மட்டும்தான் சொல்லலாம், முழுக் கதையையும் அல்ல. இன்று ஆபத்தான நிலையில் இருக்கிறார், தனியாக விடாதீர்கள் என்பது தேவையான செய்தி. அதற்குக் காரணமாக நீங்கள் சொன்ன காதலோ கடனோ கருவோ தேவையான செய்தி அல்ல. நீதிமன்றமோ சட்டப்படி அதிகாரம் பெற்ற அமைப்போ உத்தரவிட்டால் கொடுத்தாக வேண்டும். பிறகு, 18 வயதுக்கு உட்பட்ட ஒரு குழந்தை பாலியல் கொடுமைக்கு ஆளாவது தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19ஆம் பிரிவின்படி போலீசுக்குத் தெரிவிப்பது அறிந்த எவருக்கும் கட்டாயம். சிகிச்சையாளருக்கும் அதில் விலக்கு இல்லை. இந்த விதிவிலக்குகளை நீங்கள் எதையாவது சொல்வதற்கு முன்பே அவர் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். ஒப்புதல் படிவத்தின் முதல் வேலையே அதுதான்.

நான் என் அறையில் எப்படிச் செய்கிறேன் என்று சொல்கிறேன், உங்கள் சிகிச்சையாளரிடம் எதைக் கேட்கலாம் என்று பிடிபடும். முதல் நாளில் உடன் வந்தவர்களையும் பத்து நிமிடம் உள்ளே உட்கார வைக்கிறேன். படிவத்தில் ரகசியம் பற்றிய பக்கத்தை எடுத்துத் தமிழில் வாய்விட்டுப் படிக்கிறேன், அதுவும் பணம் கட்டப்போகிறவரைப் பார்த்து. "தங்கச்சி இங்கே பேசுவது என்னோடு நிற்கும். இன்றைக்கு வந்தாரா இல்லையா என்பதைக்கூட அவரைக் கேட்டுத்தான் உங்களிடம் சொல்வேன். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் நானே உங்களைக் கூப்பிடுவேன்." சில அண்ணன்மாருக்கு முகம் சுருங்கும். நான் என்ன வேற்று மனிதனா என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியை அங்கேயே, தங்கை முன்னிலையிலேயே பேசித் தீர்த்துவிட வேண்டும். அவர்கள் வெளியே போன பிறகு வந்தவரிடம், நான் படித்ததில் என்ன புரிந்தது, உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள் என்று கேட்கிறேன். தலையாட்டினால் கையெழுத்து வாங்குவதில்லை. வேலூரில் பாதிப் பேர் மருத்துவர் எதைச் சொன்னாலும் மரியாதைக்காகத் தலையாட்டுவார்கள், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது சரியில்லை.

வரவேற்பறையில் வாங்கும் கையெழுத்தை நான் ஒப்புதலாகவே மதிப்பதில்லை. இது என் தனிப்பட்ட பிடிவாதம் அல்ல. ஒரு சிகிச்சையின் நன்மை, அபாயம், அதற்கு மாற்று என்ன என்பதையெல்லாம் அவருக்குப் புரிகிற மொழியிலும் முறையிலும் விளக்கிய பிறகு, மிரட்டலோ வற்புறுத்தலோ இல்லாமல் பெறுவதுதான் ஒப்புதல் என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்திருக்கிறது. ஆங்கிலத்தில் ஐந்து பக்கம் உங்களுக்குப் புரிகிற மொழியா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். பேரணாம்பட்டிலிருந்து உருது பேசுகிறவர் வருகிறார், காட்பாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தெலுங்கு பேசுகிறவர் வருகிறார். மூன்று மொழியில் படிவம் வைப்பது இந்த ஊரில் தொழில் செய்கிறவர்களுக்கு ஆடம்பரம் அல்ல. எழுத்தே தெரியாதவருக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

உறவினர் சம்மதம் பற்றி உச்ச நீதிமன்றம் 2008இல் சொன்ன ஒரு தீர்ப்பையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சமீரா கோலி என்ற டெல்லிப் பெண், வயிற்றில் என்ன பிரச்சினை என்று பார்க்கும் பரிசோதனைக்குத்தான் ஒப்புக்கொண்டிருந்தார். மயக்கத்தில் இருந்தபோது வெளியே காத்திருந்த அவருடைய தாயிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டார்கள். அப்போது உயிர்போகும் அவசரம் எதுவும் இருக்கவில்லை. வயது வந்த, தானே முடிவெடுக்கும் திறனுள்ள ஒருவருக்காகத் தாய் கொடுத்த சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். ஒன்றுக்கு வாங்கிய ஒப்புதலை இன்னொன்றுக்குப் பயன்படுத்த முடியாது என்றும் சொன்னது. அது அறுவை சிகிச்சை வழக்கு. ஆனால் தாய்க்கே இல்லாத அதிகாரம் அண்ணனுக்கு எங்கிருந்து வரும்?

அதே தீர்ப்பின் இரண்டாவது பகுதி இன்னொரு விஷயத்துக்கும் பொருந்தும். வேலூர் படிப்பவர்களின் ஊர். மருத்துவக் கல்லூரிகளும் பயிற்சி மாணவர்களும் நிறைந்த இடம். உங்கள் படிவத்தில் அமர்வு பதிவு செய்யப்படலாம், மாணவர் உடன் இருக்கலாம், விவரங்கள் ஆய்வுக்குப் பயன்படலாம் என்ற வரிகள் சிறிய எழுத்தில் இருக்கக்கூடும். சிகிச்சைக்கான சம்மதம் ஆய்வுக்கான சம்மதம் ஆகாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் ஆய்வுக்குத் தனியே ஒப்புதல் பெற வேண்டும் என்கின்றன. மாணவர் வேண்டாம், பதிவு வேண்டாம் என்று மறுத்தால் உங்கள் சிகிச்சையின் தரம் ஒரு துளியும் குறையக் கூடாது. மறுப்பதில் சங்கடப்படாதீர்கள்.

கட்டணம், தவறிய அமர்வுக்கு எவ்வளவு, எத்தனை நிமிடம் போன்றவை எல்லாப் படிவத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான், ஒரு முறை பார்த்துக்கொண்டால் போதும். எது நடந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல என்று ஒரு வரி இருந்தாலும் பயப்பட வேண்டாம், அப்படி எழுதிவிட்டதால் கவனக்குறைவுக்கான பொறுப்பு யாரையும் விட்டுப் போய்விடாது. அவருடைய தகுதி என்ன என்று படிவத்தில் இருக்கிறதா என்று மட்டும் கட்டாயம் பாருங்கள். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு எண் இருக்க வேண்டும். மனநல மருத்துவர் என்றால் மருத்துவக் கவுன்சில் பதிவு எண். கேட்டால் கோபித்துக்கொள்கிறவரிடம் உங்கள் மனதைத் திறக்க வேண்டியதில்லை.

சிகிச்சையின் அபாயம் என்று ஒரு பகுதி இருந்ததா? பெரும்பாலான படிவங்களில் இதுதான் விடுபட்டுப்போகிறது. பேசுவதில் என்ன அபாயம் என்று நினைக்கலாம். நெடுநாள் அடக்கி வைத்ததைச் சொல்லத் தொடங்கும் முதல் சில வாரங்களில் தூக்கம் இன்னும் கெடலாம், அழுகை கூடலாம், வேலை நேரத்தில் கவனம் சிதறலாம். இது முன்கூட்டியே தெரிந்திருந்தால், சிகிச்சையே ஒத்துக்கொள்ளவில்லை என்று பாதியில் நின்றுவிட மாட்டீர்கள். தூக்கமின்மையும் சாவு நினைப்பும் சேர்ந்திருப்பதால், மாத்திரை தேவையா என்று ஒரு மனநல மருத்துவர் பார்ப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம். அந்த மாற்று வழியையும் உங்கள் சிகிச்சையாளர் உங்கள் முன் வைத்திருக்க வேண்டும்.

இதெல்லாம் எழுதுவதால் குடும்பத்தை விலக்கி வையுங்கள் என்று சொல்வதாக நினைக்காதீர்கள். வேலூர் பாகாயத்தில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) மனநல மையம் 1950களின் பிற்பகுதியில் தொடங்கிய காலத்திலேயே, நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. குடும்பம் பக்கத்தில் இருந்தால் ஆள் சீக்கிரம் தேறுகிறார் என்பதை இந்த மண்ணில் பலர் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். உங்கள் அண்ணனும் தங்கை வாடுவதைப் பார்த்துச் சும்மா இருக்க முடியாமல்தானே, தன் காசைச் செலவழித்துக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அவருக்கு எதைச் சொல்வது, எப்போது சொல்வது, யார் வாயால் சொல்வது என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டும், நான் கேட்பது அவ்வளவுதான். அந்த விஷயமே அண்ணனைப் பற்றியதாக இருந்தால், அவரிடம் எதுவும் சொல்லாமல் இருக்கவும் உங்களுக்கு முழு உரிமை உண்டு.

ஆகவே அடுத்த முறை போனதும் இப்படித் தொடங்குங்கள்: "முதல் நாள் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இன்றைக்கு அந்தப் படிவத்தை என்னோடு உட்கார்ந்து தமிழில் விளக்குங்கள். அண்ணன் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்." இதற்கு ஓர் அமர்வின் பாதி செலவானாலும் அது வீண் அல்ல. வேண்டாத வரிகளை அடித்துத் தேதியிட்டு இருவரும் கையெழுத்திடலாம், அல்லது புதிய படிவம் கேட்கலாம். கொடுத்த ஒப்புதலை எந்த நாளும் திரும்பப் பெறலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. நகல் ஒன்று கேளுங்கள். வீட்டில் வைத்தால் யாராவது பார்ப்பார்கள் என்றால், உங்கள் கோப்பிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிடுங்கள்.

அவர் பொறுமையாக விளக்கினால், மூன்று அமர்வாக நீங்கள் தேடிக்கொண்டிருந்த ஆள் அவர்தான், தாராளமாகப் பேசத் தொடங்குங்கள். அதெல்லாம் சம்பிரதாயம்தான், கவலைப்படாதீர்கள் என்று தட்டிக்கழித்தால் வேறு ஒருவரைப் பாருங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வேலூரிலிருந்து பஸ் போகிறது. காலையில் புறநோயாளிச் சீட்டு வாங்கிக்கொண்டு நீங்களே நேராகப் போகலாம். அங்கே கட்டணம் இல்லை என்பதால், யார் பணம் கட்டுவது என்ற கேள்வியும் எழாது.